எலக்ட்ரிக் கிட்டாரில் இரு கை டேப்பிங்: தொடங்கிவைத்தவர் எடி வான் ஹேலனா?

கம்பிக்காரன்:

அக்டோபர் 6 வந்தாலே, ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் நினைவுநாளை ஒட்டி, ஒரே வாக்கியம் எங்கும் சுற்றத் தொடங்கிவிடுகிறது: ‘டேப்பிங் முறையைக் கண்டுபிடித்தவர்’. பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) மீட்டாமல், வலக்கை விரலையும் கிட்டாரின் கழுத்துக்குக் கொண்டுவந்து, ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் தந்தியைத் தட்டியே சுரம் எழுப்புவதுதான் டேப்பிங். எடி பெரிய கலைஞர், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் என்பது கலப்படமில்லாத பொய்.

வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் 1978 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல், ஜிம்மி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கர் எலக்ட்ரிக் கிட்டாரைத் தட்டி வாசிப்பதற்கு ஒரு பாடநூலே அச்சிட்டு விற்றார். ‘டச் மெத்தட்’ என்று பெயர். இடக்கை கீழ்த்தந்திகளில் (தாழ்ந்த ஒலி தரும் தடித்த தந்திகள்) துணைவாசிப்பைப் பார்த்துக்கொள்ளும், வலக்கை மேல்தந்திகளில் மெட்டை வாசிக்கும். வெப்ஸ்டர் க்ரெட்ஷ் நிறுவனத்தின் கிட்டார்களைப் பல ஊர்களுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டியவர். அவருக்கும் இது சொந்தச் சரக்கல்ல. பிக்-அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) வடிவமைத்த ஹாரி டிஆர்மண்ட், தன் பிக்-அப் எவ்வளவு மெல்லிய அசைவையும் பிடித்துவிடும் என்று காட்டுவதற்காகத் தந்தியைத் தட்டியே வாசித்துக் காட்டுவார். வெப்ஸ்டர் அவரிடமிருந்துதான் பிடித்துக்கொண்டார்.

பாடநூல் அச்சாகிவிட்ட ஒரு முறையை, பாடநூல் வந்தபோது பிறந்தே இராத ஒருவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? எடி பிறந்தது 1955இல்.

ஆறாம்தந்தி:

கம்பிக்காரன் ஐயா, பாடநூல் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அதைப் படித்து மேடையேறிய ராக் கிட்டார் கலைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். வெப்ஸ்டர் வாசித்தார், வந்தவர்கள் வியந்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பழையபடி பிக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1959இல் அவர் ஓர் ஆல்பமும் போட்டார். அதைக் கேட்டு எத்தனை பேர் தட்டத் தொடங்கினார்கள்?

இப்போது வான் ஹேலன் முதல் ஆல்பத்தில் எடி தனியாக வாசிக்கும் ‘எரப்ஷன்’ பக்கம் வாருங்கள். மொத்தம் 1 நிமிடம் 42 விநாடி. வார இறுதி நிகழ்ச்சி ஒன்றுக்காக எடி ஸ்டூடியோவிலேயே பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அது காதில் விழுந்து, தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மனும் ஒலிப்பதிவாளர் டான் லேண்டியும் அதைப் பதிவு செய்கிறார்கள். நடுவில் வயலின் மாணவர்களுக்குத் தெரிந்த குரோய்ட்ஸர் பயிற்சிப் பாடம் ஒன்று தலைகாட்டிவிட்டுப் போகும். பிறகு வருகிறது டேப்பிங். இரண்டாம் தந்தியில் இடக்கை ஆள்காட்டி விரல் 2ஆம் ஃப்ரெட்டில், சிறுவிரல் 5இல், வலக்கை விரல் 9இல். மூன்றும் சேர்ந்தால் சி ஷார்ப் மைனர் என்ற சுரக்கூட்டு. (எடி கிட்டாரையே அரைச் சுரம் இறக்கி வைத்திருந்ததால் காதில் விழுவது இன்னும் அரைச் சுரம் கீழே.) 2க்கும் 9க்கும் இடையே எந்த மனிதனின் இடக்கையும் அவ்வளவு வேகத்தில் போய்வராது. அந்த வடிவத்தை அப்படியே நகர்த்தி நகர்த்தி, ஒற்றைத் தந்தியில் ஆர்கன் வாசிப்பதுபோல் இசைக்கோவையையே மாற்றிக்கொண்டு போகிறார். அதுவரை சோலோவுக்கு நடுவே ஒரு கணம் மின்னி மறைந்த தந்திரம், கிட்டத்தட்ட அரை நிமிடத்தைத் தாங்கி நின்றது அங்கேதான்.

என்னிடம் கற்க வரும் பிள்ளைகள் டேப்பிங் என்றதும் கேட்பது இந்த அரை நிமிடத்தைத்தான். வெப்ஸ்டரை ஒருவரும் கேட்டதில்லை.

மெல்லோட்ரான்:

‘ஒரு கணம் மின்னி மறைந்த தந்திரம்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், ஆறாம்தந்தி. ஜெனஸிஸ் குழுவின் ‘நர்ஸரி க்ரைம்’ ஆல்பத்தை எடுத்து, ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட் ஹாக்வீட்’ பாடலின் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். 1971 நவம்பர் வெளியீடு. பாடல் தொடங்குவதே ஸ்டீவ் ஹாக்கெட் தட்டி வாசிக்கும் மும்மூன்று சுரக் கோவையில்தான். கீபோர்டும் கூடவே ஓடுகிறது. அதை மின்னல் என்று சொல்ல முடியாது. பாடலின் முதுகெலும்பே அதுதான். அதே ஆல்பத்தில் ‘தி மியூசிகல் பாக்ஸ்’ இருக்கிறது. 1973இல் ‘டான்ஸிங் வித் தி மூன்லிட் நைட்’ வருகிறது; அதிலுள்ள டேப்பிங் இன்னும் வேகம்.

ஹாக்கெட் இதற்கு எப்படி வந்தார் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பாஹ்வின் டி மைனர் டொக்காட்டாவில் வரும் ஒரு துணுக்கைக் கிட்டாரில் வாசிக்க ஆசைப்பட்டார். ஒரே தந்தியில் வேகமாக வாசித்தால்தான் ஆர்கனின் ஓட்டம் வரும், ஒரு கை போதவில்லை, எனவே இன்னொரு கையையும் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 21. எவரிடமும் பாடநூல் வாங்கவில்லை.

ராக் இசையில், எலக்ட்ரிக் கிட்டாரில், பதிவாகி வெளியான இசைத்தட்டில், டேப்பிங் இசையின் பகுதியாகவே நிற்பதற்கு ஹாக்கெட்டுக்கு முந்திய சான்றை யாராவது காட்டுங்கள். ‘எரப்ஷ’னுக்கு ஆறு ஆண்டு முன்னால் இது.

ஆறாம்தந்தி:

ஹாக்கெட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ‘ஹாக்வீட்’ தொடக்கம் நன்றாகவே தெரியும். ஆனால் அது இசைக்குழுவின் நெசவுக்குள் ஓர் இழை. கிட்டார் தெரியாதவர் அதைக் கீபோர்டு என்றே நினைத்துக்கொண்டு போய்விடுவார், பலர் போயும் இருக்கிறார்கள். மேடையிலும் ஹாக்கெட் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு வாசித்தவர். அந்தக் கையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எடி அவரிடமிருந்து எடுத்தார் என்ற பேச்சு இருக்கிறது. ஹாக்கெட்டே அந்தப் பொருள்பட பேட்டிகளில் பேசியிருக்கிறார். எடி சொன்ன கதை வேறு. லெட் ஸெப்பெலினின் ‘ஹார்ட்பிரேக்கர்’ பாடலை ஜிம்மி பேஜ் மேடையில் வாசிப்பதைப் பார்க்கிறார். பேஜ் அதன் சோலோவில் இடக்கையால் மட்டும் தந்தியைச் சுண்டிச் சுண்டித் திறந்த தந்திக்கு விடுவார், அதாவது புல்-ஆஃப். எடிக்குத் தோன்றியது இதுதான்: திறந்த தந்தி நிற்பது கழுத்தின் உச்சியில் இருக்கும் நட்டில். அந்த நட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடிந்தால்? இடக்கை விரலே நட் ஆகட்டும், சுண்டும் வேலையை வலக்கை எடுத்துக்கொள்ளட்டும். யோசனை அவ்வளவுதான். பாஹ் வழியாக வந்தவர் ஒருவர், பேஜ் வழியாக வந்தவர் ஒருவர். இருவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள் என்பதற்காகப் பின்னால் வந்தவரைத் திருடர் ஆக்க வேண்டியதில்லை.

மெல்லோட்ரான்:

திருடர் என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை. 1973 டிசம்பரில் ஜெனஸிஸ் லாஸ் ஏஞ்சலிஸ் ராக்ஸி கிளப்பில் வாசித்தது, எடி வளர்ந்த பசடேனா அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

ஆறாம்தந்தி:

ராக்ஸியில் கூட்டத்துக்குள் எடி இருந்தார் என்று காட்டுங்கள். ஊர் பக்கத்தில் இருந்தது என்பது சான்றாகாது. அந்தக் கணக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

கம்பிக்காரன்:

நேரில் பார்த்தது பற்றித்தான் பேச்சென்றால் நீங்கள் இருவரும் இதுவரை சொல்லாத ஒருவரைச் சொல்கிறேன். ஹார்வி மாண்டல். கேன்ட் ஹீட் குழுவோடு வுட்ஸ்டாக் மேடையில் வாசித்தவர். 1973இல் அவர் வெளியிட்ட ‘ஷாங்க்ரனேட்’ ஆல்பத்தில் டேப்பிங் வெளிப்படையாகவே இருக்கிறது. இன்னும் ஒன்று: ‘பியூர் ஃபுட் அண்ட் டிரக் ஆக்ட்’ என்ற குழுவில் மாண்டலோடு இருந்த ராண்டி ரெஸ்னிக்கும் தட்டி வாசித்தவர்தான். ஆக, 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கிளப்களில் இது ஒருவரின் தனி ரகசியமாக இருக்கவில்லை.

ஜார்ஜ் லிஞ்ச் சொன்னதைக் கவனியுங்கள். ‘டாக்கன்’ குழுவில் பின்னாளில் பெயர் வாங்கியவர், எடி புழங்கிய அதே வட்டாரத்துக்காரர். லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டார்வுட் கிளப்பில் மாண்டல் தட்டி வாசித்ததைத் தானும் எடியும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ‘டீப் பர்ப்பிள்’ குழுவின் ரிச்சி பிளாக்மோர் இன்னும் பின்னால் போகிறார்: மாண்டல் இப்படி வாசித்ததை 1968லேயே விஸ்கி அ கோ கோ கிளப்பில் பார்த்தேன் என்கிறார்.

பேஜைப் பார்த்து நட்டைப் பற்றி யோசித்தேன் என்பது அழகான கதை. ஆனால் ஒரு கலைஞர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையை மட்டும் வேதவாக்காக வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

மெல்லோட்ரான்:

கம்பிக்காரன் அண்ணா, எடியின் நினைவை நம்பக்கூடாது, பிளாக்மோரின் நினைவை நம்பலாம் என்கிறீர்கள். பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன 1968 கதைக்கு ஒலிப்பதிவு இருக்கிறதா? மாண்டலின் இசைத்தட்டுச் சான்று 1973. ஹாக்கெட்டின் சான்று 1971. தட்டை ஓட்டிக் காட்டலாம். நினைவை ஓட்டிக் காட்ட முடியாது.

விரல்நுனி:

நான் சாப்மன் ஸ்டிக் (இரு கைகளாலும் தட்டியே வாசிக்கும் வாத்தியம்) வாசிப்பவன். இதுவரை எல்லாரும் இரண்டு வேறு வாசிப்புகளை ஒரே பெயரால் அழைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஒரே தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தச் சண்டை முடியாது.

எடி செய்ததைக் கைகளை வைத்துப் பாருங்கள். இடக்கை வழக்கம்போல் கழுத்தைப் பிடித்திருக்கிறது. வலக்கை பக்கவாட்டிலிருந்து வந்து ஒரு விரலைத் தந்தியில் அடித்து, சுண்டிவிட்டு எடுக்கிறது. அடித்த சுரம் ஒன்று, சுண்டியதும் கேட்கும் சுரம் இன்னொன்று, இடக்கை விரல் தந்தியில் அடித்து எழுப்புவது (ஹேமர்-ஆன்) மூன்றாவது. இரண்டு கைகளும் சேர்ந்து ஒரே மெட்டை வாசிக்கின்றன. வலக்கை என்பது இடக்கைக்குக் கிடைத்த ஆறாம் விரல். ஹாக்கெட்டும் மாண்டலும் செய்தது இந்த வகைதான்.

வெப்ஸ்டர் எழுதியது இதுவல்ல. அவருக்கு இரண்டு கைகளும் இரண்டு வாசிப்பாளர்கள். ஒரு கை துணை, ஒரு கை மெட்டு, ஒன்றுக்கொன்று தனி. க்ரெட்ஷ் நிறுவனம் 1958 வாக்கில் கொண்டுவந்த ஸ்டீரியோ கிட்டாரில் வெப்ஸ்டருக்குப் பங்குண்டு. கீழ்த்தந்திகளின் ஒலி ஒரு ஆம்ப்ளிஃபையருக்கும் மேல்தந்திகளின் ஒலி இன்னொன்றுக்கும் போகும். இந்த வாசிப்புக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று யோசியுங்கள். டேவ் பங்கர் இதற்கென்றே ‘டுவோ-லெக்டார்’ என்ற இரட்டைக் கழுத்து வாத்தியம் செய்து 1961இல் காப்புரிமை வாங்கினார். பிறகு எம்மெட் சாப்மன். 1969 ஆகஸ்டில், கிட்டாரின் கழுத்தை நன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வலக்கையை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். இரண்டு கைகளின் விரல்களும் ஃப்ரெட்டுகளுக்கு இணையாக நின்றன. வலக்கைக்கும் இடக்கையின் சுதந்திரம் முழுமையாகக் கிடைத்தது. எடியின் வலக்கையால் இது முடியாது, அது வரும் கோணமே வேறு. சாப்மனுக்குக் கிட்டாரே போதவில்லை. பத்துத் தந்தி வைத்து ஸ்டிக்கைச் செய்து 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிங் கிரிம்ஸனின் 1981 ஆல்பம் ‘டிஸிப்ளின்’ கேட்டவர்களுக்கு டோனி லெவின் கையில் அது என்ன செய்தது என்று தெரியும்.

1985இல் ‘மேஜிக் டச்’ வெளியிட்ட ஸ்டான்லி ஜோர்டன் இந்த இரண்டாம் குடும்பத்துக்காரர். பியானோவில் தொடங்கியவர். இரு கைக்கும் விரல் கணக்கு ஒன்றுபோல் அமைய வேண்டும் என்று எல்லாத் தந்திகளையும் சம இடைவெளியில் சுருதி சேர்த்துக்கொண்டவர். அவரையும் எடியையும் ஒரே பட்டியலில் போடும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சின்னத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் கற்கிறேன், நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். இத்தாலிய மருத்துவர் ஒருவர் தொலைக்காட்சியில் வாசிக்கும் கறுப்பு வெள்ளைக் காணொளி ஒன்று பார்த்தேன். விட்டோரியோ கமர்தேஸே என்று பெயர், ஆண்டு 1965. அவர் கையில் இருப்பது சாதாரணக் கிட்டார், மின்கம்பியே இல்லை. அதிலேயே இரண்டு கைகளாலும் தட்டுகிறார். இன்னொன்றில் ராய் ஸ்மெக் 1932இல் ஒரு குறும்படத்தில் யுகலேலியில் தட்டுகிறார். அப்படியென்றால் எலக்ட்ரிக் கிட்டாருக்கு முன்பே எல்லாம் இருந்ததா? பிறகு எதற்காக 1971, 1978 என்று சண்டை?

ஆறாம்தந்தி:

நல்ல கேள்வி, தம்பி. கமர்தேஸேயின் தொழில் கதிரியக்க மருத்துவம், இசையல்ல. நிகழ்ச்சி முடிந்ததும் மருத்துவமனைக்குத் திரும்பிவிட்டார். ஸ்மெக்குக்கு அது வித்தைகளில் ஒரு வித்தை. அவர் வாத்தியத்தை எப்படியெல்லாம் திருப்பி வைத்து வாசித்துச் சிரிக்கவைப்பாரோ அந்த வரிசையில் இதுவும் ஒன்று. இருவருக்கும் வாரிசு இல்லை. என் வாதத்துக்கு நீங்களே சான்று கொடுத்துவிட்டீர்கள்.

விரல்நுனி:

தம்பி சொன்னதில் இன்னும் விஷயம் இருக்கிறது. எலக்ட்ரிக் அல்லாத கிட்டாரில் தட்டினால் சுரம் வரும், ஆனால் மெலிவாக வரும். பிக்கால் மீட்டும்போது தந்தியை இழுத்து விடுகிறோம். அது பெரிதாக ஊசலாடுகிறது. தட்டும்போது ஃப்ரெட்டில் மோதும் வேகம் மட்டுமே தந்திக்குக் கிடைக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் மேடையில் அது யாருக்கும் கேட்காது. பிக்-அப் வந்தது, கேட்டது. டிஆர்மண்ட் அதைத்தான் காட்டினார். அதற்கு மேல் 1960களின் கடைசியில் ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகி டிஸ்டார்ஷன் (கரகரப்பாக உடைந்த ஒலி) வாங்கும் பழக்கம் வந்தது. டிஸ்டார்ஷன் என்ன செய்யும்? உரத்த சுரத்தை அமுக்கும், மெல்லிய சுரத்தைத் தூக்கிவிடும். மீட்டிய சுரமும் தட்டிய சுரமும் ஏறக்குறைய ஒரே உரத்தில், ஒரே நீளத்தில் ஒலிக்கும். ஹாக்கெட், மாண்டல், ‘ஸீஸீ டாப்’ குழுவின் பில்லி கிப்பன்ஸ், எடி எல்லாரும் ஒரு சில ஆண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் கேட்காமலேயே இங்கே வந்து சேர்ந்ததற்கு இதுவே போதுமான காரணம். கருவி தயாராகிவிட்டது, விரல்கள் கண்டுபிடித்துக்கொண்டன.

துருக்கியில் பாக்லமா என்ற நீண்ட கழுத்து வாத்தியத்தில் பிக் இல்லாமல் வாசிக்கும் ‘ஷெல்பே’ என்ற மரபுண்டு. அதிலும் வலக்கை விரல்கள் கழுத்தின் மேல் வந்து தட்டும். நாட்டுப்புறக் கலைஞர்களிடம் இருந்த வழக்கம் அது. அவர்கள் எடியையும் கேட்கவில்லை, வெப்ஸ்டரையும் கேட்கவில்லை.

கம்பிக்காரன்:

‘ஒருவரையொருவர் கேட்காமலேயே’ என்ற இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், விரல்நுனி. ஸ்டார்வுட் கதையை அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போகாதீர்கள். பாக்லமாவை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கேள்வி எலக்ட்ரிக் கிட்டார்.

டிஸ்டார்ஷன் வாதத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன். 1979இல் வந்த ‘வான் ஹேலன் 2’ ஆல்பத்தில் ‘ஸ்பானிஷ் ஃப்ளை’ இருக்கிறது. நைலான் தந்தி போட்ட கிட்டார், டிஸ்டார்ஷன் ஒரு துளியும் இல்லை. அங்கேயும் எடி தட்டுகிறார், தெளிவாகவே கேட்கிறது.

ஆறாம்தந்திக்கு ஒன்று. எடி 1987இல் ஒரு காப்புரிமை பெற்றார், தெரியுமா? கிட்டாரின் முதுகில் மடக்கி விரிக்கும் ஒரு தகடு. அதை விரித்துத் தொடையில் சாய்த்தால் கிட்டார் கிடைமட்டமாக, தந்திகள் மேல்நோக்கி நிற்கும். இரண்டு கைகளும் கழுத்தின் மேல் தாராளமாகப் புழங்கலாம். உரிமை கேட்டது தாங்குக் கருவிக்குத்தான், தட்டும் முறைக்கு அல்ல.

ஆறாம்தந்தி:

வாசிப்பு முறைக்கு யார் ஐயா காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்? வயலின் வில்லைத் துள்ளவிடுவதற்கு எவரிடமாவது பத்திரம் இருக்கிறதா? ‘ஸ்பானிஷ் ஃப்ளை’யை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. ஆம்ப்ளிஃபையர்தான் எல்லாம் செய்தது, விரல் அதைக் கண்டுபிடித்துக்கொண்டது என்ற பேச்சை அது ஒன்றே அடித்துப்போடுகிறது. கையில் நைலான் தந்தியைக் கொடுத்தாலும் அந்த மனிதரிடமிருந்து அந்த இசை வந்தது.

விரல்நுனி:

அமைதியான ஸ்டூடியோவில், ஒலிவாங்கி பக்கத்தில் இருக்க, தனியாக வாசித்தால் எதுவும் கேட்கும். நான் சொன்னது டிரம்ஸ் வாசிக்கும் மேடையைப் பற்றி. மேலே இருக்கிறது, மறுபடி படியுங்கள்.

மட்டுறுத்துநர்:

ஆளைப் பற்றி வேண்டாம், வாசிப்பைப் பற்றி மட்டும். துருக்கி இசைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன்.

மெல்லோட்ரான்:

‘வாரிசு’ என்ற அளவுகோலை ஆறாம்தந்தி மூன்றாம் முறையாகக் கொண்டுவருகிறார். அதையே எடுத்துக்கொள்வோம். பிரையன் மே 1977இல் குவீனின் ‘இட்ஸ் லேட்’ பாடலில் தட்டுகிறார். ‘எரப்ஷன்’ வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னால். யாரிடமிருந்து கற்றார் என்பதை அவரே சொல்லிவிட்டார்: டெக்சஸில் ராக்கி ஏதஸ் என்ற கிட்டார் கலைஞர் வாசித்ததைப் பார்த்து. ஏதஸின் பெயர் உங்கள் மாணவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அவருக்கு உலகின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றிலேயே வாரிசு இருந்தார். அதே டெக்சஸில் பில்லி கிப்பன்ஸ். ‘ஸீஸீ டாப்’பின் 1973 பாடல் ‘பீர் டிரிங்கர்ஸ் அண்ட் ஹெல் ரெய்ஸர்ஸ்’ சோலோவில் அவரும் தட்டுகிறார். ஆக, எடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது இங்கிலாந்தில் ஒரு கிளை, டெக்சஸில் ஒரு கிளை, கலிஃபோர்னியாவில் ஒரு கிளை இருந்தன. நான்காவதாக வந்தவரை முதல்வர் என்கிறீர்கள்.

மேயிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: பெயரைச் சொல்லி, இவரிடம் எடுத்தேன் என்கிறார். எடியோ, கிளப் நாட்களில் வாசிப்பு முறையை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர் என்று சொல்லப்படுவதுண்டு.

ஆறாம்தந்தி:

முதுகைக் காட்டியதே என் பக்கத்துச் சாட்சி. ஊரெல்லாம் தெரிந்த வாசிப்பு என்றால் எதை மறைக்க முதுகைத் திருப்ப வேண்டும்?

முதலில் தட்டியவர் எடி என்று நான் இந்த இழையில் எந்த இடத்திலும் சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது. 1977இல் கிட்டார் கற்கத் தொடங்கிய ஒரு பையனுக்கு டேப்பிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1982இல் கற்கத் தொடங்கியவனுக்கு அது பாடத்திட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ சோலோவையும் எடியே வாசித்தார், அதிலும் தட்டினார். கிட்டாரைப் பற்றிக் கவலையே படாத கோடிக்கணக்கான காதுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இடையில் நடந்தது ஹாக்கெட்டோ மாண்டலோ ஏதஸோ அல்ல. மேலே நீங்கள் அடுக்கும் கிளைகளையெல்லாம் நாம் இன்று தேடிப் பார்ப்பதற்கே காரணம் ‘எரப்ஷன்’ நம்மைத் திரும்பிப் பார்க்கவைத்ததுதான். அது இல்லையென்றால் கமர்தேஸேயின் காணொளியை யார் தூசு தட்டியிருப்பார்கள்?

கம்பிக்காரன்:

அப்படியானால் ‘பரப்பியவர்’ என்று எழுதுங்கள், நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விற்பவர்களுக்கு ‘கண்டுபிடித்தவர்’ என்றால்தான் விற்கிறது. டிஆர்மண்ட் தன் பிக்-அப்பை விற்கத் தட்டினார், வெப்ஸ்டர் க்ரெட்ஷ் கிட்டாரை விற்கத் தட்டினார். அவர்களாவது விற்பனைக்காரர்கள் என்று வெளிப்படையாக இருந்தார்கள்.

விரல்நுனி, உங்கள் இரண்டு குடும்பக் கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் அதில் ஒரு விளைவு இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை. இரு கைகளும் தனித்தனியே இயங்கும் வாசிப்புதான் ‘இரு கை டேப்பிங்’ என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளது என்றால், எடி இந்தப் போட்டியிலேயே இல்லை. 1952 நூல் இருக்கிறது, 1961 காப்புரிமை இருக்கிறது, 1969 சாப்மன் இருக்கிறார். தேதி எல்லாம் தெளிவு. சண்டை இருப்பதே ஆறாம் விரல் குடும்பத்தில் மட்டும்தான்.

விரல்நுனி:

அதை நான் மறுக்கவில்லை. தொடு வாசிப்புக் குடும்பத்தில் யார் முதல் என்று எங்கள் ஸ்டிக் வாசிப்பாளர்களுக்குள் சண்டையே வருவதில்லை. வெப்ஸ்டர் எழுதினார், சாப்மன் கையைத் திருப்பினார், ஆளுக்கொரு வேலை. சண்டையெல்லாம் உங்கள் பக்கம்.

மெல்லோட்ரான்:

ஆறாம் விரல் குடும்பத்தில் 1971க்கு முந்திய இசைத்தட்டு ஒன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. இழை எவ்வளவு நீண்டாலும் அது அப்படியே நிற்கிறது.

சின்னத்தம்பி:

எனக்கு எந்தக் கட்சி என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நேற்று ஆறாம்தந்தி அக்கா எழுதிய 2, 5, 9 வைத்து முயன்று பார்த்தேன். தட்டிய சுரம் வருகிறது, கூடவே எல்லாத் தந்தியும் சேர்ந்து இரைகிறது. டிஸ்டார்ஷன் போட்டால் இன்னும் மோசம். எடிக்கு மட்டும் எப்படிச் சுத்தமாக வருகிறது?

ஆறாம்தந்தி:

டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டுப் பழகு, தம்பி. சுத்தமான ஒலியில் மூன்று சுரமும் ஒரே உரத்தில் வரும்வரை மறுபடி போடாதே. வலக்கை விரலை நேரே தூக்காமல் சற்றுப் பக்கவாட்டில் சுண்டி எடுத்தால்தான் அடுத்த சுரம் பேசும். உள்ளங்கையின் ஓரம் கீழ்த்தந்திகளின் மேல் படிந்தே இருக்கட்டும்.

விரல்நுனி:

அதோடு ஒன்று. தட்டும்போது தந்தி இரண்டு துண்டாகிறது. பிக்-அப் பக்கத் துண்டு நீ விரும்பிய சுரம், நட் பக்கத் துண்டும் தன் பாட்டுக்கு அதிர்கிறது. இடக்கை விரல் தந்தியில் படிந்திருக்கும்வரை அது அடங்கியிருக்கும். மற்ற தந்திகளுக்கு, நட்டை ஒட்டி ஒரு துணித்துண்டையோ தலைமுடி கட்டும் பட்டையையோ சுற்றிவிடு. ஸ்டிக்கில் நட்டுக்குப் பக்கத்தில் அதிர்வை அடக்கும் பட்டை வாத்தியத்தோடேயே வருகிறது. திறந்த தந்தி வாசிக்க வேண்டிய பாடல் வந்தால் மட்டும் கழற்றிவிடு.

மெல்லோட்ரான்:

‘எரப்ஷ’னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தம்பி. முதலில் ‘ஹாக்வீட்’ தொடக்கத்தைப் பழகு, வேகம் குறைவு.

ஆறாம்தந்தி:

அவன் கேட்டது 2, 5, 9.